பின் அச்சில் 'வெள்ளம்' கயறினால்...

கொச்சியில் வேலை பார்க்கும் தமிழர்களில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டை அறியாதவர் இருக்க முடியாது. மிளகு, சுக்கு, ஏலம், மிளகாய் வற்றல் என்று பத்தடிக்கு ஒரு வாசனை வீசும் குறுகிய சாலை அது. நாம் பண்டகசாலை என்பதை இங்கே 'பாண்டிகசாலை' என்கிறார்கள். அந்தப் பழைய கட்டடங்களின் முன்வாசல் சாலையைப் பார்த்திருக்கும். பின்வாசல் காயலைப் பார்த்திருக்கும். ஒரு காலத்தில் சரக்கு பின்வாசல் வழியாக வள்ளத்தில் வந்து இறங்கியது. இன்று முன்வாசலில் சரக்கு ஆட்டோவும், மினி லாரியும், மூணாறு மலையைத் தாண்டி வரும் பெரிய லாரியும் நிற்கின்றன.

இந்த வண்டிகளை ஓட்டுகிறவர்களிலும், மூட்டை ஏற்றி இறக்குகிறவர்களிலும், உள்ளே உட்கார்ந்து பில் எழுதுகிற குமாஸ்தாக்களிலும் தமிழர்கள் உண்டு. சிலர் சம்பளத்துக்கு ஓட்டுகிறார்கள். சிலர் கடன் வாங்கி, தவணை கட்டி, சொந்தமாக ஒரு வண்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வண்டிதான் வயல், வண்டிதான் மாடு.

வண்டியின் மீது அவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. காலையில் எஞ்சின் ஆயிலை அளந்து பார்க்கிறார்கள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் வைத்து ஊதுபத்தி கொளுத்துகிறார்கள். ஆனால் வண்டிக்கு அடியில், பின் அச்சின் நடுவில், பூசணிக்காய் போல் உப்பிக்கொண்டு நிற்கும் ஓர் இரும்புக் குடத்தைக் குனிந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே. அதுதான் டிபரன்ஷியல். ஒர்க் ஷாப் பேச்சில் 'ஹவுசிங்' என்றும், 'கிரவுன்' என்றும் சொல்வார்கள்.

அது கேட்பது அதிகமில்லை. அளவான எண்ணெய், அடைப்பில்லாத ஒரு சிறு மூச்சுத் துவாரம், இவ்வளவுதான். ஆனால் மழையும் உப்புக் காற்றும் வேலியேற்றமும் சேர்ந்த கொச்சியில், இந்த இரண்டையும் மறந்தவர்கள் கொடுக்கும் விலை பெரிது.

மூலையில் திரும்பும் கணக்கு

டிபரன்ஷியல் எதற்கு? மாட்டு வண்டிக்கு அது கிடையாதே என்று கேட்கலாம். மாட்டு வண்டியின் இரண்டு சக்கரங்களும் அச்சின் மேல் தனித்தனியாகச் சுழல்கின்றன. மாடு இழுக்கிறது, சக்கரம் உருள்கிறது. திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் உட்பக்கச் சக்கரம் மெதுவாகவும் உருண்டுகொள்ளும். யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

மோட்டார் வண்டியின் கதை வேறு. இங்கே சக்கரமே வண்டியைத் தள்ளுகிறது. எஞ்சினின் பலம் இரண்டு பின் சக்கரங்களுக்கும் போக வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் நேர் சாலையில் சங்கடம் இல்லை. மூலை வந்தால்தான் சங்கடம்.

ஒரு லாரியின் பின் சக்கரங்களுக்கு இடையே 1.8 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். பஜார் ரோட்டிலிருந்து ஒரு சந்துக்குள் நேர்கோணமாக அது திரும்பினால், வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தை விட ஏறத்தாழ 2.8 மீட்டர் அதிகமாக உருள வேண்டும். அகலமாக வளைத்தாலும் சரி, ஒடித்துத் திருப்பினாலும் சரி, கணக்கு மாறாது. இரண்டும் ஒரே தண்டில் இறுகியிருந்தால், இந்த 2.8 மீட்டரையும் ஏதாவது ஒரு டயர் தேய்த்துக்கொண்டே தீர வேண்டும். திருப்பத்துக்குத் திருப்பம் டயர் தேயும், அச்சு முறுக்கிக்கொள்ளும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகக் கைகோத்து அணிவகுத்துத் திரும்புவதைப் பார்த்தால் இது விளங்கும். உள்ளே நிற்கும் பிள்ளை நின்ற இடத்திலேயே கால் மாற்றும். வெளியே நிற்கும் பிள்ளை ஓட வேண்டியிருக்கும். வரிசை குலையாமல் இருவரையும் அவரவர் வேகத்தில் போக விடுவதுதான் டிபரன்ஷியலின் வேலை.

பல் சக்கரங்களின் குடித்தனம்

எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் ஒரு சிறிய பல் சக்கரம் இருக்கிறது. அது பினியன். அது சுழற்றும் பெரிய வளையம் கிரவுன் வீல். பினியனுக்கு 6 பல், கிரவுனுக்கு 41 பல் என்று இருந்தால், தண்டு ஏறத்தாழ 6.8 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் குறைகிறது, அந்த அளவுக்கு இழுக்கும் பலம் கூடுகிறது. பாரத்தோடு மலை ஏற முடிவது இதனால்தான்.

கிரவுன் வீலோடு சேர்ந்து சுழலும் கூட்டுக்குள் நான்கு சிறிய சக்கரங்கள் உண்டு. சில சிறிய வண்டிகளில் இரண்டே இரண்டு. இவை ஸ்டார் பினியன்கள். இவற்றின் இரு பக்கமும் சன் கியர்கள். ஒவ்வொரு சன் கியரும் ஒரு சக்கரத்தின் தண்டைப் பிடித்திருக்கிறது. நேராகப் போகும்போது ஸ்டார் பினியன்கள் தங்கள் இடத்தில் அசையாமல், கூட்டோடு சேர்ந்து சுற்றிவரும். வண்டி திரும்பும்போது அவை தாமும் உருண்டு, ஒரு பக்கம் குறைந்த சுற்றை மறுபக்கத்துக்குக் கொடுக்கின்றன.

மோட்டார் கார் பிறப்பதற்கு முன்பே பிறந்த ஏற்பாடு இது. பிரான்ஸைச் சேர்ந்த ஒனேசிபோர் பெக்கர் என்பவர் 1820-களின் இறுதியில் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877-ல் மூன்று சக்கர மிதிவண்டியில் இதைப் பொருத்தினார். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் காரிலும் இது இருந்தது. கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

எண்ணெயின் பாடு

இத்தனை சக்கரங்களும் குளிப்பது ஒரே எண்ணெயில். தனியாக பம்ப் கிடையாது. கிரவுன் வீலின் அடிப்பாகம் எண்ணெயில் மூழ்கியிருக்கும். அது சுற்றும்போது எண்ணெயை வாரி இறைக்கும். இறைத்த எண்ணெய்தான் பினியனுக்கும் பேரிங்குகளுக்கும் போய்ச் சேருகிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தோடு மேலே சொன்ன லாரி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், பினியன் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 1,450 தடவை சுற்றுகிறது. அந்தச் சுற்றில் லாரியின் பாரம் முழுவதையும் இழுக்கும் பலம் ஒன்றிரண்டு பற்களின் மேல்தான் விழுகிறது.

அளவு குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது முன்பக்கம் இருக்கும் பினியன் பேரிங். கொச்சியிலிருந்து அடிமாலி வழியாக மூணாறு ஏறும் லாரியை நினைத்துப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். மணிக்கணக்காக வண்டியின் மூக்கு மேலே தூக்கியே இருக்கும். ஹவுசிங்கில் உள்ள எண்ணெய் பின்னால் சரிந்து நிற்கும். சமதரையில் 'போதும்' என்று தோன்றிய எண்ணெய், ஏற்றத்தில் பினியனுக்கு எட்டாது.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். கடையில் 'தொண்ணூறு ஆயில்', 'நூற்றி நாற்பது ஆயில்' என்று கேட்டு வாங்குகிறார்கள். இந்த எண் எண்ணெயின் கெட்டித் தன்மையைக் குறிக்கிறது. எஞ்சின் ஆயில் 40 என்றும் கியர் ஆயில் 90 என்றும் இருப்பதால், 90 இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. சூடான நிலையில் 90 கியர் ஆயிலின் கெட்டித் தன்மை 40 அல்லது 50 எஞ்சின் ஆயிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

அப்படியானால் எஞ்சின் ஆயிலையே ஊற்றிவிடலாமே என்றால், கூடாது. பெரும்பாலான பின் அச்சுகளில் இருப்பது 'ஹைபாய்டு' வகைப் பற்கள். பினியன் கிரவுனின் நடுக்கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்கும் அமைப்பு. 1920-களில் அமெரிக்காவில் கார்களுக்கு வந்தது. தண்டு தாழ்வாகச் செல்லும், சத்தம் குறையும். ஆனால் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உரசும். அந்த உரசலைத் தாங்கக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து எண்ணெயில் வேண்டும். சூட்டிலும் அழுத்தத்திலும் அது இரும்பின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து பல்லைக் காப்பாற்றுகிறது. கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நாற்றம் இந்தக் கந்தகத்தால்தான்.

டப்பாவின் மேல் 'ஜி.எல்.-4', 'ஜி.எல்.-5' என்று போட்டிருப்பார்கள். ஹைபாய்டு பின் அச்சுக்கு ஜி.எல்.-5 வகை. அதையே கியர்பாக்ஸுக்கும் ஊற்றிவிடக் கூடாது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை வளையங்களை இந்த மருந்து அரிக்கக்கூடும். வண்டியோடு வந்த புத்தகம் எதைச் சொல்கிறதோ அதுவே சட்டம். தகரக் குவளையில் அளந்து விற்கும் உதிரி ஆயிலை வாங்காமல், சீல் உடையாத டப்பாவாக வாங்குவது நல்லது.

'வெள்ளம் கயறி' என்றால்...

இனி கொச்சியின் விஷயத்துக்கு வருவோம். மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் சாதாரணத் தண்ணீர். குடிக்கும் தண்ணீரும் வெள்ளம்தான். 'ஹவுசிங்கில் வெள்ளம் கயறி' என்று மெக்கானிக் சொன்னால், புதிதாக வந்த தமிழ் டிரைவர், 'நான் எந்த வெள்ளத்திலும் வண்டியை இறக்கவில்லையே!' என்று மறுப்பார். மெக்கானிக் சொல்வது தண்ணீர் ஏறிவிட்டது என்பதைத்தான். அதற்குப் பெருவெள்ளம் தேவையில்லை. அச்சு முழுகும் அளவுக்குத் தேங்கிய தண்ணீரே போதும்.

ஹவுசிங்கின் மேல்பக்கம் சுண்டைக்காய் அளவில் ஒரு மூடி இருக்கும். அதுதான் பிரீதர். உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும்போது வெளியே போகவும், ஆறிச் சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே வரவும் அது வழி. வண்டி விடும் மூச்சு என்றே சொல்லலாம்.

பாரம் இழுத்து வந்த ஹவுசிங் 80 டிகிரி சூட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மழைத் தண்ணீரில் இறங்கி 30 டிகிரிக்கு ஆறுகிறது. உள்ளே 5 லிட்டர் காற்று இருந்தால், அது ஏறத்தாழ 0.7 லிட்டர் அளவுக்குச் சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஏதாவது உள்ளே வந்தாக வேண்டும். பிரீதர் தண்ணீருக்கு மேலே இருந்தால் காற்று வரும். தண்ணீருக்கு அடியில் இருந்தால் தண்ணீர் வரும். சுட்ட பாத்திரத்தைத் தண்ணீரில் கவிழ்த்தால் உறிஞ்சிக்கொள்வது போலத்தான்.

பிரீதர் சேறு படிந்து அடைத்துப்போனால் நிலைமை இன்னும் மோசம். சூட்டில் விரிந்த காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல், ஆயில் சீல்களை நெட்டித் தள்ளி எண்ணெயை வெளியே கக்கும். ஆறும்போது அதே சீல் வழியாகச் சாலைத் தண்ணீரை உள்ளே இழுக்கும். சீலை மாற்றி மாற்றிப் போட்டும் ஒழுகுகிறது என்றால், குற்றவாளி பெரும்பாலும் சீல் அல்ல. மேலே அடைத்துக் கிடக்கும் அந்தச் சிறு மூடி.

கொச்சி வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல் இரண்டு மடங்கு. மழை நின்ற பிறகும் தண்ணீர் விடுவதில்லை. நமது கார்த்திகை இவர்களுக்கு விருச்சிக மாதம். அந்த மாதத்து வேலியேற்றத்தில் கடலும் காயலும் பொங்கி, தாழ்ந்த தெருக்களிலும் வீட்டு முற்றங்களிலும் உப்புத் தண்ணீர் ஏறுவது மேற்குக் கொச்சியும் வைப்பின் கரையும் அறிந்த விஷயம். கோட்டைக் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே 2018-ல் தொடங்கிய ரோ-ரோ படகில் வண்டி ஏறும் சரிவிலும் உப்புநீர் அலம்பிக்கொண்டிருக்கிறது.

நல்ல தண்ணீர் பகை என்றால் உப்புத் தண்ணீர் பெரும் பகை. மினுமினுப்பாகத் தேய்த்த பேரிங் உருளையின் மேல் துருப் புள்ளி ஒன்று விழுந்தால் போதும். அந்தப் புள்ளி குழியாகும், குழி உதிரும், உதிர்ந்த துகள் மற்ற பற்களைக் கடிக்கும். நடந்துகொண்டிருப்பது வெளியே தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

2018 ஆகஸ்டில் கேரளம் கண்ட பெருவெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. ஆகஸ்ட் 9 அன்று, 26 ஆண்டுகளுக்குப் பிறகு, செறுதோணி அணையின் மதகு திறக்கப்பட்டது. கொச்சி விமான நிலையமே ஆகஸ்ட் 15 முதல் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. மட்டாஞ்சேரியை விட ஆலுவா, பரவூர் பகுதிகளில்தான் பாதிப்பு மிகுதி. அங்கே வீடுகளோடு வண்டிகளும் நீரில் நின்றன. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றதும் எஞ்சினைக் கழுவ வேண்டும், ஆயில் மாற்ற வேண்டும் என்பது எல்லாருக்கும் நினைவு வரும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் நிம்மதி வந்துவிடும். பின் அச்சுக்குள் புகுந்த தண்ணீரோ மாதக்கணக்கில் அங்கேயே இருந்து தன் வேலையைச் செய்யும்.

பிரேக்கையும் பிடிக்கும் வினை

டிபரன்ஷியல் கெட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதானே என்று இருந்துவிடக் கூடாது. நிற்க வேண்டிய வண்டி நிற்காமல் போகவும் அது காரணமாகலாம்.

ஹவுசிங்கின் இரு கைகளும் சக்கரம் வரை நீள்கின்றன. அங்கே ஓர் ஆயில் சீல்தான் எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிறது. அதற்கு அடுத்தாற்போல் பிரேக் டிரம். பிரீதர் அடைத்தோ, அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றியோ அந்தச் சீல் விட்டுப்போனால், கியர் ஆயில் நேராக பிரேக் லைனிங்கில் போய் ஊறும். ஊறிய லைனிங் பிடிக்காது. அல்லது ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காமல் வண்டியை இழுத்துப் போடும். போடிமெட்டு இறக்கத்தில், பாரத்தோடு, ஊசி வளைவுக்கு முன்னால் இது தெரியவந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பின் சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய்க் கசிவின் கறை தெரிந்தாலோ, டயரின் உள்சுவரில் எண்ணெய் வழிந்திருந்தாலோ, அதை 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளக் கூடாது. அன்றே சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

மாதம் ஒரு முறை ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆற விட்டு, எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். சிறிய வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால், நான்கு புறமும் சமமாகத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் அடியில் படுக்கக் கூடாது.

ஹவுசிங்கின் பக்கவாட்டில் எண்ணெய் ஊற்றும் பிளக் இருக்கும். சுற்றிலும் மண்ணைத் துடைத்துவிட்டு அதைக் கழற்ற வேண்டும். துவாரத்தின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் நின்றால் அளவு சரி என்பது பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். விரல் நுனியில் தொட்டுப் பார்க்கலாம். தேன் நிறமோ கருமையோ இருந்தால் தண்ணீர் இல்லை. பால் ஊற்றிய தேநீர் போல, நுரைத்த மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த எண்ணெயில் மேற்கொண்டு ஓட்டவே கூடாது.

எண்ணெய் மாற்றும்போது முக்கியமான ஒரு முறை உண்டு. முதலில் ஊற்றும் பிளக்கைக் கழற்ற வேண்டும். பிறகுதான் அடியில் உள்ள வடிக்கும் பிளக். உப்புக் காற்றில் துருப்பிடித்து ஊற்றும் பிளக் அசையாமல் போவது கொச்சியில் சகஜம். எண்ணெயை வடித்த பிறகு அது தெரியவந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். சற்று ஓடிச் சூடான எண்ணெய் கசடோடு சீக்கிரம் வடியும்.

வடிக்கும் பிளக்கில் பெரும்பாலும் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் கவலை இல்லை. அது சாதாரணத் தேய்மானம். சிம்புகளோ, பல்லின் துண்டோ ஒட்டியிருந்தால் ஹவுசிங்கைத் திறந்தே ஆக வேண்டும்.

பிளக்குக்குப் புது வாஷர் போட்டு, துவாரத்தில் வழியத் தொடங்கும் வரை எண்ணெய் ஊற்றினால் போதும். 'இருக்கட்டும், ஒரு லிட்டர் கூடுதலாக' என்று ஊற்றுவது நன்மையல்ல. கூடுதல் எண்ணெய் கடையப்பட்டு நுரைக்கும், சூடேறும், சீலைத் தேடிப் போகும். சிறிய வேன்களுக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் போதுமாயிருக்கும். பெரிய லாரிக்குப் பத்து லிட்டரையும் தாண்டலாம். அளவையும், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பதையும் வண்டியின் புத்தகமே சொல்லும். ஆனால் அச்சு முழுகும் தண்ணீரில் வண்டி நின்றிருந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்கக் கூடாது. உடனே எண்ணெயைப் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் ஒரு முறை மாற்ற வேண்டும். முதல் தடவையில் தண்ணீர் முழுவதும் வெளியேறிவிடாது.

கடைசியாகப் பிரீதர். கையால் அசைத்து, சேற்றைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, காற்று போகிறதா என்று பார்த்துப் பொருத்த வேண்டும். சில வண்டிகளில் இதிலிருந்து ரப்பர் குழாய் ஒன்றை மேலே கொண்டுபோய் முடித்திருப்பார்கள். அந்தக் குழாய் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் இறங்கிய வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது அவசியம். கழுவும்போது பம்ப்பின் வேகத்தைப் பிரீதர் மீதும் சீல்கள் மீதும் நேராகக் காட்டக் கூடாது.

சத்தம் சொல்லும் சேதி

டிபரன்ஷியல் ஊமையல்ல. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பின்னாலிருந்து 'ஊ...' என்று கூவினால், கிரவுனும் பினியனும் சேரும் இடத்திலோ பினியன் பேரிங்கிலோ தேய்மானம் இருக்கலாம். நேராகப் போகையில் அமைதியாக இருந்து, திரும்பும்போது மட்டும் கரகரத்தால் ஸ்டார் பினியனைச் சந்தேகிக்க வேண்டும். கிளச்சை விடும்போது 'டக்' என்று இடித்தால் பற்களுக்கிடையே இடைவெளி கூடியிருக்கலாம். அல்லது தண்டின் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம்.

கூவும் சத்தத்தோடு ஆறு மாதம் ஓட்டிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தேய்த்து இழைக்கப்பட்டவை. ஒன்று போனால் இரண்டையும் மாற்ற வேண்டும். கூடவே பேரிங்குகள், சீல்கள். தகடு வைத்து இடைவெளியைச் சரிசெய்யத் தேர்ந்த கை வேண்டும். அத்தனை நாளும் வண்டி ஒர்க் ஷாப்பில் நிற்கும். வருமானம் நிற்கும். தவணை மட்டும் நிற்காது.

பழைய வண்டி வாங்கப்போகும் குமாஸ்தாக்களும் சிறு வியாபாரிகளும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூவும் ஹவுசிங்கை விற்கும் நாள் வரை அடக்கி வைக்க, உள்ளே மரத்தூளைப் போடும் தந்திரம் உலகம் முழுக்கப் பழையது. சில நாள் சத்தம் அடங்கியிருக்கும். விலை பேசும் முன் ஊற்றும் பிளக்கைக் கழற்றச் சொல்லி எண்ணெயைத் தொட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கழற்ற மறுப்பவரிடம் வாங்காமலிருப்பது உத்தமம்.

வழுக்கும் இடத்தில் பொறுமை

டிபரன்ஷியலுக்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டு சக்கரங்களில் எது சுலபமாகச் சுற்றுமோ அதைச் சுற்ற விட்டுவிடும். ஒரு சக்கரம் பாசி படிந்த சரிவிலோ சேற்றிலோ மாட்டினால், அது மட்டும் சுற்றும். கெட்டித் தரையில் உள்ள சக்கரம் சும்மா நிற்கும். அப்போது சுற்றும் சக்கரம் கிரவுனைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. டிரைவர் ஆத்திரத்தில் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த, ஸ்டார் பினியன்கள் எண்ணெய்ப் படலம் அற்றுப்போய்த் தங்கள் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். சாக்கு, பலகை, கல் எதையாவது சக்கரத்துக்கு அடியில் கொடுத்து மெதுவாக எடுப்பதே புத்திசாலித்தனம்.

டிபரன்ஷியல் லாக் உள்ள லாரிகளில், வழுக்கும் இடத்தைத் தாண்டியதும் அதை விடுவித்த பிறகே திரும்ப வேண்டும். பின் சக்கரங்களில் ஒரு பக்கம் புது டயரும் மறுபக்கம் மொட்டை டயரும் போடுவதும் தவறு. அளவு வேறுபட்டால் நேர் சாலையிலும் ஸ்டார் பினியன்கள் ஓயாமல் உருண்டு தேயும்.

எந்த வண்டிக்கும் உண்டு

'நம் வண்டியில் அப்படி ஒரு குடமே இல்லையே' என்று சிலர் சொல்லலாம். 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரான அம்பாசிடர் காரில் அது பின்னால் தனியாகத் தெரிந்தது. 1983-ல் வந்த மாருதி 800-ல் முன் சக்கரங்களே இழுத்ததால் டிபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள் அடங்கிப்போனது. இரண்டுக்கும் ஒரே எண்ணெய். இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவை அந்த வகை. பின்னால் எஞ்சின் உள்ள ஆட்டோவிலும் அது கியர்பாக்ஸோடு ஒட்டியே இருக்கிறது.

மின்சார ஆட்டோ வாங்கியவர்கள் 'இனி எண்ணெய்த் தொல்லையே இல்லை' என்கிறார்கள். எஞ்சின் ஆயில் இல்லை என்பது சரி. ஆனால் மோட்டாரிலிருந்து இரண்டு சக்கரங்களுக்கும் பலம் பிரிய வேண்டுமே! அங்கேயும் டிபரன்ஷியல் உண்டு. அதற்கும் கியர் ஆயில் உண்டு. வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வடித்த எண்ணெய்

மாற்றிய பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றும் வழக்கம் ஒழிய வேண்டும். மட்டாஞ்சேரிச் சாக்கடை ராமேஸ்வரம் - கல்வத்திக் கால்வாயைத் தேடிப் போகும். கால்வாய் காயலைத் தேடிப் போகும். அந்தக் காயலில் வலை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலியேற்றத்தில் அதே தண்ணீர் நம் குடியிருப்பு வாசலுக்கே திரும்பியும் வருகிறது. பழைய எண்ணெய் அபாயகரமான கழிவு என்பது சட்டம். 2016-ம் ஆண்டு விதிகளின்படி, அதைச் சுத்திகரிக்க அனுமதி பெற்றவர்களிடமே அது சேர வேண்டும். மூடியுள்ள டப்பாவில் பிடித்து ஒர்க் ஷாப்பில் ஒப்படைத்தால் தொல்லை இல்லை.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் பெரியவர்கள் வாக்கு. அச்சாணி சிறியது, கண்ணில் படாதது, தேர் நின்ற பிறகே நினைவுக்கு வருவது. ஊரை விட்டு வந்து ஒரு வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்குச் சுண்டைக்காய் அளவுள்ள அந்தப் பிரீதரும் ஓர் அச்சாணிதான். இடவப்பாதி மழை தொடங்கும் முன் ஒரு முறை, விருச்சிக வேலியேற்றம் முடிந்த பின் ஒரு முறை, வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பதைக் கொச்சித் தமிழர்கள் வழக்கமாக்கிக்கொண்டால், ஒர்க் ஷாப்பில் கொட்ட வேண்டிய பணம் ஊருக்கு மணியார்டராகப் போகும்.